மே/பா பெரியதுரை

ஒரு கடித உறையை எடுத்துக்கொள்வோம். மேலே ஒரு பெயர். அடுத்த வரியில் ‘மே/பா பெரியதுரை’, அதாவது தோட்டத்து மேலதிகாரியின் மேற்பார்வையில். அதன் கீழே தோட்டத்தின் பெயர், பிறகு பன்வில. அவ்வளவுதான். கொழும்பில் போட்ட அந்தக் கடிதம் கண்டி வரை ஒழுங்காக வரும். வத்துகாமம் வழியாகப் பன்வில தபாலகத்துக்கும் வந்துவிடும். நக்கிள்ஸ் மலைச் சரிவின் வளைவுகளில் ஏறித் தோட்டத்து ஆபீஸ் மேசையிலும் விழுந்துவிடும். அதற்கு மேல் உறைக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எந்த டிவிஷன், எந்த லயம் என்ற வரிசை வீடு, அதில் எத்தனையாவது காம்பரா என்ற அறை என்பதெல்லாம் கிளாக்கரின் நினைவில் இருக்கிறது, அல்லது தப்பால் கொண்டுபோகிறவரின் நினைவில் இருக்கிறது. ஒரே தோட்டத்தில் நான்கு செல்வராஜ் இருந்தால் கடிதம் முதலில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் அகப்படும் செல்வராஜின் கைக்குப் போகும். அவர் அதைப் பிரித்துப் பார்த்து, தனக்கில்லை என்று தெரிந்து, திருப்பிக் கொடுப்பதற்குள் அதில் குறித்த நேர்முகத் தேர்வின் நாள் கடந்திருக்கும்.

தலையங்கம் எழுத வந்தது தபாலைப் பற்றியல்ல, கணினி நிரல்களைப் பற்றி. மலையகத்தின் உறையில் இருக்கும் இந்தக் குறைதான் உலகத்து நிரல் நூலகங்கள், அதாவது பிற நிரல்கள் எடுத்தாளும் ஆயத்த நிரல் தொகுப்புகள், பலவற்றிலும் இருபது, முப்பது ஆண்டுகளாகப் படிந்து கிடக்கிறது என்பதால் உறையிலிருந்து தொடங்கினேன்.

நிரலர்கள் ‘சரம்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். எழுத்துகளைப் பூப்போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது. நல்ல தமிழ்ச் சொல். பூக்காரி மல்லிகைச் சரத்தை முழம் போட்டு எந்த இடத்திலும் அறுக்கலாம். அறுத்த இரண்டு துண்டும் பூச்சரம்தான். இணைய முகவரியை அப்படி அறுக்க முடியாது. அதற்குள் உறுப்புகள் இருக்கின்றன: எந்த நெறிமுறையில் பேசுவது, எந்தப் பெயருடைய கணினி, அதில் எந்த வாயில் எண், உள்ளே எந்தப் பாதை, என்ன வினவல், பக்கத்தின் எந்தத் துண்டு. ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனி விதி. கணினிப் பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று; பாதையில் அவை வேறுவேறாக இருக்கலாம். இத்தனை விதிகளைச் சுமந்த ஒன்றை ஒரு நூலகம் வெறும் சரமாக வாங்கி, வெறும் சரமாக அடுத்த நூலகத்துக்குத் தள்ளிவிட்டால், வழியில் அதைத் தொடுகிற ஒவ்வொருவரும் அதைத் தாமே பகுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவரும் கொஞ்சம் வேறு மாதிரிப் பகுப்பார்கள். ஆபீஸ் கிளாக்கரின் ஊகம் ஒன்று, தப்பால்காரரின் ஊகம் இன்னொன்று.

இதற்கு மாற்று, முகவரிக்கென்று தனி ‘வகை’ ஒன்றை வைத்துக்கொள்வது. வெளியிலிருந்து வரும் சரம் வாசலில் ஒரே ஒருமுறை பகுக்கப்படும். பிழையென்றால் அங்கேயே திருப்பி அனுப்பப்படும். சரியென்றால் உறுப்புகளாகப் பிரிந்து உள்ளே போகும். பிறகு யாரும் அதை மறுபடி ஊகிக்க வேண்டியதில்லை.

கேட்கச் சிறிய விஷயம். ஆனால் முகவரியை உறுப்பு உறுப்பாக எழுதுவது ஒன்றும் நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் 1014ஆம் ஆண்டையொட்டி, முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டில் வெட்டிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சோழநாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் அது. எந்தத் தளிச்சேரி, அதில் எந்தச் சிறகு, அதாவது வீதியின் எந்த வரிசை, அந்தச் சிறகில் தலைவீடா, இரண்டாம் வீடா, மூன்றாம் வீடா, அங்கே இருப்பவர் யார், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று ஒரே ஒழுங்கில் போகிறது. ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு படிக்கிறவருக்கும் அந்த வீட்டுக்கு வழி தெரிகிறது. காரணம் எளிது. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் போக வேண்டும். நெல் தவறான வீட்டுக்குப் போனால் கோயில் கணக்கு உதைக்கும். கடைசி வாசல் வரைக்கும் கொண்டுசேர்க்கும் பொறுப்பு ஒருவரிடம் இருந்ததால் முகவரிக்கு உறுப்புகள் முளைத்தன.

கண்டிச் சீமைக்கு வருவோம். கொழும்பிலிருந்து கண்டிக்கு 1832இல் தபால் குதிரை வண்டி ஓடத் தொடங்கியது. ஆசியாவிலேயே முதல் தபால் வண்டி என்று அதைச் சொல்வார்கள். ரயில் 1867இல் வந்தது. கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கத்து மக்கள் மலையேறினார்கள். துரைமாருக்குத் தபால் ஒழுங்காக வந்தது. தொழிலாளருக்கு வந்தது வேறொரு முகவரி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ‘தகர டிக்கட்’ என்ற முறை புகுந்தது. வட்டமான தகரத் துண்டில் தோட்டத்தைக் குறிக்கும் எண்ணும் ஆளைக் குறிக்கும் எண்ணும் பொறித்துக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். தமிழ் தெரியாத அதிகாரியும் அந்த எண்ணைப் பார்த்து எந்த ரயிலில் ஏற்றுவது, செலவை எந்தத் தோட்டத்தின் பற்றில் எழுதுவது என்று தெரிந்துகொள்வார். உறுப்பு பிரித்து, பிழையில்லாமல், மொழி கடந்து வேலைசெய்த முகவரி. நிரலர் ஒருவர் இதைப் பார்த்தால் மெச்சுவார். ஆனால் அந்த ஆள் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்த நுணுக்கம் முடிந்துவிட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்கு எண் தேவைப்படவில்லை, ஏனென்றால் அந்த வாசலுக்கு எதையும் கொண்டுசேர்க்கும் கடமை யாருக்கும் இல்லை. வேலைக்கு ஆளை எடுக்கப் பெரட்டும், செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேடும் போதும்.

அந்த அலட்சியத்தின் விலை 1949இல் தெரிந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1946 தொடக்கத்துக்கு முன்பு மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது இந்த நாட்டில் வாழ்ந்ததை நிரூபிக்கச் சொன்னது. எங்கே வாழ்ந்தாய் என்று அரசு கேட்டபோது, தோட்டம் என்ற ஒரு சொல்லைத் தவிர அந்த மக்களிடம் காட்ட முகவரி இல்லை. அதன்பின் 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாக எடுத்துக்கொண்டன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும் வரை இழுபட்டது இந்த விவகாரம். முகவரியின்மை மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன், அரசியல்தான் காரணம். அந்த அரசியலுக்குக் கையில் எடுக்க வசதியான கருவி முகவரியின்மை.

முன்னோர் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து, 2023இல் ‘மலையகம் 200’ என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்த நீண்ட கதையில், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் தோட்டங்களுக்குள் சபைகள் பணம் செலவழிக்கக் குறுக்கே நின்ற பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. வீதியே தனியார் சொத்து என்றால் வீதிக்குப் பெயர் எப்படி வரும், வீட்டுக்கு இலக்கம் எப்படி வரும்?

இனி இணையத்துக்கு. அங்கேயும் ஆரம்பத்தில் ஒரு செக்ரோல்தான் இருந்தது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் காலத்தில் வலையிலிருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் பராமரிக்கப்பட்டது. எல்லோரும் அதைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். பெயர்கள் பெருகியபோது சமாளிக்க முடியவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் களப்பெயர் முறையை வகுத்தார்: நாடு, அதற்குள் நிறுவனம், அதற்குள் கணினி என்று படிப்படியாக. 1994இல் டிம் பெர்னர்ஸ் லீயும் கூட்டாளிகளும் யூஆர்எல் என்பதன் இலக்கணத்தை எழுதினார்கள். 2005இல் அது திருத்தி விரிவாக்கப்பட்டது. நெறிமுறைக்குப் பின் வரும் இரட்டைச் சாய்கோடு தேவையே இல்லாதது என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். இலக்கணம் இருந்தும் பெரும்பாலான நூலகங்கள் முகவரியைச் சரமாகவே வாங்கின. சரம் சோம்பேறிக்கு வசதி. எல்லா மொழியிலும் கிடைக்கும். எழுதுகிறவருக்கு அன்றைக்கு வேலை முடிந்தது.

அடி வேறு திசையிலிருந்து வந்தது. முகவரியின் இலக்கணப்படி கணினிப் பெயருக்கு முன்னால் ‘அட்’ குறி ஒன்று வரலாம். அதற்கு முன்னால் இருப்பது பயனரின் பெயர், பின்னால் இருப்பதே உண்மையான கணினி. நம்முடைய மே/பா போலத்தான்: முதலில் கண்ணில் படுவது ஒரு பெயர், உண்மையில் போய்ச் சேரும் இடம் இன்னொன்று. ‘அட்’ குறி இரண்டு இருந்தால்? நடுவில் ஓர் இடைவெளி இருந்தால்? ஒரு நூலகம் முதல் பெயரைக் கணினி என்று படிக்கும், இன்னொன்று கடைசிப் பெயரை. காவல்காரன் ஒருவிதமாகவும் வண்டிக்காரன் இன்னொருவிதமாகவும் படித்தால் திருடன் உள்ளே போய்விடலாம். 2017இல் தாய்வானின் பாதுகாப்பு ஆய்வாளர் ஆரஞ்சு சாய் லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டில் காட்டியது இதைத்தான். பரவலாகப் பயன்படும் பல மொழிகளின் நூலகங்கள் ஒரே சரத்தை வெவ்வேறாகப் பகுக்கின்றன என்பதையும், அந்த இடைவெளி வழியாக நிறுவனங்களின் உள்வலைக்குள் நுழைய முடியும் என்பதையும் மேடையில் செய்தே காட்டினார்.

கர்ள் என்ற மென்பொருள் பொதுமக்களுக்குப் பெயர் தெரியாமலே கார், தொலைக்காட்சி, கைப்பேசி என்று எங்கும் உட்கார்ந்திருப்பது. சுவீடனைச் சேர்ந்த டானியல் ஸ்டென்பெர்க் 1998இல் வெளியிட்டார். இருபது ஆண்டுகள் முகவரியைச் சரமாகவே வாங்கி வந்த அந்த மென்பொருள் 2018இல் முகவரியை உறுப்புகளாகப் பிரிக்கவும் சேர்க்கவும் தனியாக ஓர் இடைமுகம் தந்தது. அடுத்த வெளியீட்டிலேயே, பகுத்த முகவரியை நேரடியாகக் கையளிக்கவும் வழி வைத்தது. பயனர் ஒரு பகுப்பியும் கர்ள் இன்னொரு பகுப்பியும் வைத்துக்கொண்டு சண்டை போட வேண்டாம் என்பதே ஏற்பாடு. பழைய சர வழியை அவர் அடைக்கவில்லை. அடைத்திருந்தால் பாதி உலகம் நின்றுபோயிருக்கும். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் நிரலாக்கத் தளத்தின் விதிகளும் நெடுங்காலமாக இதே தடத்தில்தான்: முகவரியைச் சரமாக வாங்காதே, வசதிக்காகச் சரம் வாங்கும் வடிவமும் வைத்திருந்தால், அது உடனே முகவரி வகையின் வடிவத்தைக் கூப்பிட வேண்டும். எனக்கு இந்த இரண்டாம் பாதிதான் பிடிக்கும். நாட்டு நடப்பு தெரிந்தவர் எழுதியது.

வகை வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் ஜாவா நிரல்மொழியைப் பார்க்க வேண்டும். ஜாவாவில் தொடக்கத்திலிருந்தே முகவரிக்கென்று ஒரு வகை இருந்தது. இரண்டு முகவரி ஒன்றா என்று அதைக் கேட்டால், அது வலைக்குள் போய் இரண்டு பெயருக்கும் உரிய எண்ணைக் கேட்டு வந்து ஒப்பிடும். ஒரே சேவையகத்தில் இருக்கும் இரு வேறு தளங்களை ஒன்று என்று சொல்லும். இணைப்பு அறுந்திருந்தால் வேறு பதில் சொல்லும். 2002இல், வலையைத் தொடாத இன்னொரு வகையைப் பக்கத்தில் வைத்தார்கள். பழையதை எடுக்க முடியவில்லை. பிழையான வகை பிழையான சரத்தைவிட நீண்ட நாள் வாழும்.

தமிழருக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. ‘பன்வில’ என்று எழுதுங்கள். கண்ணுக்கு நாலு எழுத்து. யூனிகோடில் ப, ன, புள்ளி, வ, இகரக் குறி, ல என ஆறு குறிகள். ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 18. முகவரியின் பாதையில் வைக்கும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும்: 54. இது ஒருமுறை. சரமாக வாங்கிய இன்னொரு நூலகம், வந்தது ஏற்கெனவே விரித்ததா இல்லையா என்று தெரியாமல் மறுபடி விரித்தால் 90. அந்த 90 எழுத்து முகவரியில் எந்தப் பக்கமும் இல்லை. கண்டி என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் இப்படி எதுவும் நடக்காது. அதனால் அந்தப் பிழையை அங்கே யாரும் கவனிப்பதுமில்லை. முகவரி ஒரு வகையாக இருந்தால், விரித்த நிலையா விரியாத நிலையா என்பது அந்த வகைக்கே தெரியும்.

இன்னொன்று. ‘கொழும்பு’ என்ற சொல்லின் ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியாக, அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக. திரையில் மயிரிழை வித்தியாசம் தெரியாது. சரமாக ஒப்பிட்டால் இரண்டும் வேறு வேறு ஊர். ‘ஸ்ரீ’யில் சிக்கல் இன்னும் மோசம். பழைய ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம், ஆனால் ஒன்றை இன்னொன்றாக மாற்றித்தரும் பொது விதி யூனிகோடில் கிடையாது. நாட்டின் பெயரிலேயே இந்தப் பொறி உட்கார்ந்திருக்கிறது. இதோடு நம் ஊர்ப்பெயர்க் குழப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பன்வில, பன்விலை, வத்தேகம, வத்துகாமம், மடுல்கலை, மடுல்கெலே. எழுதுகிறவர் யார் என்பதைப் பொறுத்துப் பலகை மாறும்.

எல்கே என்ற நம் நாட்டுக் களப்பெயர் 1990இல் வந்தது. ‘.இலங்கை’யும் சிங்களத்தில் ‘.லங்கா’வும் 2010இல் உலகின் வேர்ப் பட்டியலில் ஏறின. தமிழில் முழு முகவரி எழுத வழி பிறந்து இவ்வளவு காலமாகியும், கடிதத் தலைப்பிலோ கடைப் பலகையிலோ அதைக் காண்பது அரிது. ஆர்வமின்மை ஒரு காரணம். இன்னொரு காரணம் சரத்தை நம்பிய நிரல்கள். முகவரியில் ஆங்கில எழுத்தும் எண்ணும் புள்ளியும் கோடும்தான் வரும் என்று எவரோ ஒருவர் ஒற்றை வரியில் எழுதிய சோதனை, ‘.இலங்கை’ என்பதைப் பிழை என்று சிவப்பில் காட்டும். உள்ளுக்குள் தமிழ்ப் பெயர்கள் எக்ஸ், என், இரண்டு சிறுகோடு என்று தொடங்கும் ஆங்கில வடிவத்துக்கு மாற்றப்பட்டே பெயர்ச் சேவையிடம் போகின்றன. அந்த மாற்றத்தை எங்கே செய்வது, யார் செய்வது என்பது சரத்தை வைத்திருக்கும் நூலகத்துக்குத் தெரியாது. இரண்டு பேர் செய்வார்கள், அல்லது யாருமே செய்ய மாட்டார்கள்.

ஆகவே என் தீர்ப்பு வகையின் பக்கம்தான், ஓர் எச்சரிக்கையோடு. வகையை வரைகிறவர் யாரை மனத்தில் வைத்து வரைகிறார் என்பதைப் பார்க்க வேண்டும். படிவங்களில் ‘வீட்டிலக்கம்’, ‘வீதி’ என்ற கட்டங்களைக் கட்டாயமாக்கிய கணினி ஒன்றின் முன்னால் லயத்துப் பிள்ளை உட்கார்ந்தால் என்ன எழுதும்? ‘1’ என்று எழுதும், ‘மெயின் ரோட்’ என்று எழுதும். கணினி ஏற்றுக்கொள்ளும். கடிதம் மறுபடி ஆபீஸ் மேசைக்கே போகும். கட்டம் நிரம்பியிருக்கிறது, முகவரி பொய். தகர டிக்கட்டை வரைந்தவரும் இப்படித்தான், தமக்குத் தேவையான இரண்டு எண்ணை மட்டும் பொறித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கண்டியிலும் பேராதனையிலும் மொறட்டுவையிலும் யாழ்ப்பாணத்திலும் நம் பிள்ளைகள் இன்று நூலகங்கள் எழுதுகிறார்கள். திறந்த மூல நூலகங்களுக்குத் திருத்தம் அனுப்புகிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். முகவரி வாங்கும் செயற்கூறு எழுதும்போது, முகவரி வகையை ஏற்கும் வடிவத்தை முதலில் எழுதுங்கள். சரம் வாங்கும் வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள். அது பகுத்து முதல் வடிவத்திடம் கொடுப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாமலிருக்கட்டும். சோதனைப் பட்டியலில் ‘.இலங்கை’யில் முடியும் ஒரு பெயரைச் சேருங்கள். அதன் பாதையில் ‘பன்வில’ என்ற சொல்லை வையுங்கள். பகுத்து, விரித்து, மறுபடி சுருக்கியபின் அந்த ஆறு குறிகளும் வந்த ஒழுங்கிலேயே திரும்பி வருகின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.